‘நமக்கு நாம் அழாதது என்னோ’: இந்தப் பாட்டில் ‘நாம்’ யார்?

கேள்வி
எழுதியவர்: மொட்டைமாடி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் கூடுகிறோம். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். மற்ற மூவரில் ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அக்கா, ஒருவர் துவாக்குடிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி, இன்னொருத்தி கல்லூரியில் தத்துவம் படிக்கும் பெண். இரண்டு வருடமாக நடக்கிறது. முதலில் கூட்டத்துக்கு ஒரு புத்தகம் என்று வைத்துப் பார்த்தோம். யாராவது ஒருவர்தான் முழுதாகப் படித்துவிட்டு வருவார், அவர் கதை சொல்வார், மற்ற மூவரும் கேட்டுவிட்டுக் காபி குடித்துக் கலைவோம். அப்புறம் கூட்டத்துக்கு ஒரே ஒரு பாட்டு என்று மாற்றினோம். அன்றைக்குத்தான் பேச்சு பிடித்துக்கொண்டது. நாலு வரியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

போன மாதம் எடுத்தது குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தின் இந்தப் பாட்டு:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் வியல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றாமால் நமக்குநாம் அழாத தென்னோ

கைக்குழந்தையாக இருந்த நிலை செத்தது, சிறுவனாக இருந்த நிலை செத்தது, காளைப் பருவம் செத்தது, ஆசைப்படும் இளமையும் செத்தது, இப்போது இருப்பதும் போய் மூப்பு வருகிறது, இப்படி நாள்தோறும் செத்துக்கொண்டுதான் இருக்கிறோம், யாரோ செத்ததற்கு அழுகிறோமே, நமக்கு நாமே ஏன் அழுவதில்லை? நாங்கள் புரிந்துகொண்டது இவ்வளவு.

வங்கி அக்காவின் அம்மா போன மார்கழியில் தவறிவிட்டார். 91 வயது. இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததே அக்காதான். அவர் வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு லேத் தம்பி கேட்டான்: “அக்கா, பாலன் செத்துவிட்டான், காளை செத்துவிட்டான் என்றால் இப்போது உட்கார்ந்து அழப்போகிறவன் யார்? செத்தவனும் அழுகிறவனும் ஒரே ஆள்தானா? ஒரே ஆள் என்றால் யாரும் சாகவில்லை. வேறு ஆள் என்றால் ‘நமக்கு நாம்’ என்று எப்படிச் சொல்லலாம்?”

அவன் மனசார, புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான். தத்துவப் பெண் உடனே பிடித்துக்கொண்டாள். பௌத்தத்தில் நிலையான ஆன்மா கிடையாது, கணம்தோறும் அழிந்து அழிந்து தோன்றும் ஓட்டம்தான் நாம் என்று விளக்கினாள். நன்றாகவே விளக்கினாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், நானும் நடுவே புகுந்தேன். அக்கா மெதுவாகத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். “பாட்டைப் பாட்டாக விட மாட்டீர்களா” என்றார், அவ்வளவுதான். கூட்டம் அதோடு முடிந்தது.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இந்த ‘நாம்’ யார் என்று தம்பி கேட்டதற்குப் பாட்டுக்குள்ளேயே பதில் இருக்கிறதா? இரண்டு, இப்படிப்பட்ட பேச்சை எப்படி நடத்துவது? ஒருவருக்கு அது துக்கம், இன்னொருவருக்கு அது புதிர். இரண்டும் பொய் இல்லை. அடுத்த ஞாயிறு அக்கா வருவார் என்று நினைக்கிறேன். வருவதற்குள் கொஞ்சம் தெளிந்துகொள்ள ஆசை.


மறுமொழி 1
எழுதியவர்: கிழக்குத்தோப்பு (பேராவூரணி)

டீச்சர், தத்துவம் எனக்கு அதிகம் தெரியாது. தென்னை தெரியும். அதனால் முதல் சொல்லில் மட்டும் நிற்கிறேன்.

பாளை என்றால் கைக்குழந்தைப் பருவம் என்று போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். மட்டையின் இடுக்கிலிருந்து பாளை வரும்போது இரண்டு பக்கமும் இறுக மூடி, கூர்மையாக, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் நிற்கும். ஒரு நாள் நீளவாக்கில் வெடிக்கும். உள்ளே தந்த நிறத்தில் பூங்கொத்து. வெடித்தது வெடித்ததுதான், திரும்ப மூடாது. பூ வெளியே விரிய விரிய அந்த ஓடு காய்ந்து பழுப்பாகி, மரத்திலேயே தொங்கி, ஒரு காற்றில் கீழே விழும். எங்கள் வீட்டில் வெந்நீர் அடுப்புக்கு அதுதான் விறகு.

இதை யாரும் பாளை செத்துவிட்டது என்று சொல்வதில்லை. பாளை வெடித்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்வோம், அடுத்து காய் வரப் போகிறது அல்லவா. இந்தப் புலவர் அதே இடத்தில் ‘செத்தும்’ என்கிறார். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது என்று நாம் பாயசம் வைக்கிற இடத்தில் எல்லாம் அவர் ஒரு சாவைக் காட்டுகிறார். நான்கு தடவை அதே சொல். எனக்கு அது உறைத்தது. என் பெரியவன் இப்போது துபாயில் இருக்கிறான், என் தோள்மேல் உட்கார்ந்து வரப்பில் வந்த நாலு வயதுப் பையன் எங்கே என்று கேட்டால் அவனும் காட்ட முடியாது, நானும் காட்ட முடியாது. அந்தப் பையனுக்காக நான் ஒரு நாளும் அழுததில்லை. பாட்டு கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.


மறுமொழி 2
எழுதியவர்: ஏட்டுச்சுவடி (தமிழாசிரியர், ஓய்வு)

தோப்புக்காரர் சொன்னதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியவில்லை. நாற்பது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான், பாளையை ஒருமுறைகூட அப்படிக் காட்டியதில்லை.

டீச்சரின் முதல் கேள்விக்கு வருகிறேன். பதில் பாட்டுக்குள் இருக்கிறதா என்றால், பதில் இல்லை, ஆனால் தம்பி கேட்ட கேள்வி இருக்கிறது. எழுவாய்களைப் பாருங்கள். முதல் இரண்டு அடியில் சாவது எது? தன்மை. பாளையாம் தன்மை, பாலனாம் தன்மை, காளையாம் தன்மை, கடைசியில் இளமை, அதுவும் ஒரு தன்மைதான். ஆள் சாகவில்லை. நான்காம் அடிக்கு வரும்போது ‘சாகின்றாம்’ என்று, இலக்கணத்தில் சொல்லும் தன்மைப் பன்மையில், அதாவது ‘நாம்’ என்பதற்குரிய வடிவில் வினை நிற்கிறது. இப்போது சாவது நாம். தன்மை செத்தது என்று தொடங்கி நாம் சாகிறோம் என்று முடிக்கிறார், நடுவில் ஒரு பாலமும் போடவில்லை. தன்மைகள் போனால் ஆள் போனது போலத்தானா? அந்த இடைவெளியில்தான் உங்கள் லேத் தம்பி கால் வைத்திருக்கிறான். அவனிடம் சொல்லுங்கள், அவன் பாட்டைக் கெடுக்கவில்லை, சரியான மூட்டில் கை வைத்திருக்கிறான்.

இதே இடத்தில்தான் பௌத்தரும் சமணரும் நூற்றாண்டுக்கணக்கில் மோதினார்கள். சமணர் சொல்வது: எந்தப் பொருளிலும் தோன்றுவது, கெடுவது, நிலைப்பது மூன்றும் ஒரே நேரத்தில் உண்டு. அவர்களுடைய உவமை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பொற்குடத்தை உருக்கி முடி (கிரீடம்) செய்கிறார்கள். குடம் வேண்டும் என்றிருந்தவன் வருந்துகிறான், முடி வேண்டும் என்றிருந்தவன் மகிழ்கிறான், பொன் வேண்டும் என்றிருந்தவனுக்கு வருத்தமும் இல்லை மகிழ்ச்சியும் இல்லை. மூன்று பேரும் பார்த்தது ஒரே நிகழ்ச்சியைத்தான். ஆகவே ஒரு சமணர் இந்தப் பாட்டின் முதல் மூன்று அடிக்கும் தலையாட்டுவார், தன்மைகள் சாகும்தான். நான்காம் அடியில் நிறுத்துவார். குடம் போயிற்று, பொன் போகவில்லையே, ‘சாகின்றாம்’ என்று ஏன் சொல்கிறாய் என்பார்.

பௌத்தர் என்ன சொல்வார்? தத்துவம் படிக்கும் பெண் சொன்னது சரி, ஆனால் பாதிதான். பாலி மொழியில் மிலிந்தன் என்ற கிரேக்க மரபு மன்னனும் நாகசேனர் என்ற துறவியும் பேசும் நூல் ஒன்று உண்டு, மிலிந்த பன்ஹா. அதில் அப்படியே இந்தக் கேள்வி வருகிறது. மல்லாந்து படுத்துக் கிடந்த குழந்தையும் இப்போது வளர்ந்து நிற்கிற நீங்களும் ஒருவர்தானா என்று நாகசேனர் கேட்கிறார். இல்லை, அது வேறு, நான் வேறு என்கிறான் மன்னன். அப்படியானால் உங்களுக்குத் தாய் கிடையாது, தந்தை கிடையாது, ஆசிரியர் கிடையாதே, கருவாக இருந்தபோது ஒரு தாய், குழந்தையாக இருந்தபோது வேறொரு தாய், வளர்ந்தவனுக்கு இன்னொரு தாயா என்று திருப்பிக் கேட்கிறார். அதே ஆளும் இல்லை, வேறு ஆளும் இல்லை என்பது அவர் முடிவு. இரவு முழுதும் எரிகிற விளக்கைக் காட்டுகிறார். முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, அதற்காக மூன்று விளக்கு எரிந்தது என்றும் சொல்ல முடியாது.

ஆக, தம்பி வைத்த இரண்டு வழிக்கு நடுவே பௌத்தம் மூன்றாவது வழி ஒன்று வைக்கிறது. அது போதுமான பதிலா என்பது வேறு. எனக்கு இன்றுவரை முழுதாகப் போதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு செய்தி. குண்டலகேசி முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. மிஞ்சியவை இருபதுக்கும் குறைவான பாட்டுகள், அவற்றில் பெரும்பகுதி புறத்திரட்டு என்ற தொகைநூல் காப்பாற்றிக் கொடுத்தவை. அதை மறுப்பதற்கென்றே எழுந்த சமண நூலான நீலகேசி முழுதாக இருக்கிறது. 1936-இல் பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார் அதை உரையோடு பதிப்பித்தார். உரை எழுதியவர் வாமன முனிவர், உரைக்குச் சமயதிவாகரம் என்று பெயர். குண்டலகேசியில் பல பாட்டுகளின் தொடக்கச் சொற்கள் அந்த உரையில்தான் தங்கியிருக்கின்றன. தோற்கடிக்க வந்தவர்களின் உரையைப் புரட்டித்தான், அதில் தோற்ற குண்டலகேசியின் பாட்டு எப்படித் தொடங்கியது என்று தேடுகிறோம்.


மறுமொழி 3
எழுதியவர்: இரவுப்பணி (மதுரை)

நான் நர்ஸ். அந்த அக்காவின் பக்கம் நின்று கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் இங்கே அவரைத் தவிர எல்லாருக்கும் பதில் கிடைத்துவிட்டது.

எங்கள் பாட்டிக்கு மறதி நோய். ஆறு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். என்னைத் தன் தங்கை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், அந்தத் தங்கை நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன், “என்னடி” என்றால் “சொல்லுக்கா” என்று பதில் சொல்கிறேன். ஆனால் முருங்கைக்கீரையைக் கொத்தாக மடியில் வைத்துவிட்டால் போதும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகப் போய் காம்பைப் பிடிக்கும், ஒரே இழுப்பில் இலை முழுக்க உருவி வந்துவிடும், பழுத்த இலையை மட்டும் தனியே ஒதுக்குவார். யார் என்று தெரியாத பேத்தி எதிரே இருக்கிறாள், எந்த ஊர் என்று தெரியவில்லை, பழுத்த இலை எது என்று அந்த விரலுக்குத் தெரிகிறது.

இதில் பொன் எது, குடம் எது ஐயா? நான் வாதத்துக்காகக் கேட்கவில்லை. உங்கள் உவமையைப் படித்ததும் எனக்கு நிஜமாகவே இந்தக் கேள்விதான் வந்தது. என் அம்மா சொல்கிறார், “எங்கம்மா போய் நாலு வருஷம் ஆச்சு, இது அவங்க உடம்பு”. நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அம்மா அழுதுவிட்டார், உயிரோடு இருக்கும்போதே அழுது முடித்துவிட்டார். ‘நமக்கு நாம் அழாதது என்னோ’ என்ற வரியைப் படிக்கும்போது எனக்கு அம்மா முகம்தான் வருகிறது. பாட்டிக்காகப் பாட்டி அழ முடியாது, அந்த இடத்தில் அம்மா அழுதார்.

அக்கா ‘பாட்டைப் பாட்டாக விடுங்கள்’ என்று சொன்னதற்கு ஆராயாதீர்கள் என்று அர்த்தம் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் வாசித்து முடித்ததும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை அல்லவா? ஏன் இந்தப் பாட்டை எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தால் அவரே பேசியிருப்பார், பேச்சும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும்.


மறுமொழி 4
எழுதியவர்: வாசல்திண்ணை (காரைக்குடி)

இரவுப்பணி எழுதிய கடைசி வரிதான் டீச்சரின் இரண்டாவது கேள்விக்குப் பதில். நான் அதை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கூட்டம் பதினோரு வருடமாக நடக்கிறது, ஆறு பேர். நடுவில் ஒரு தடவை உடைந்தது. திருக்குறளில் ஊழ் அதிகாரம் எடுத்த அன்றைக்கு, ஒருவர் மகன் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தான், இன்னொருவர் ஊழ் என்பதே ஏமாற்று என்று பேசினார். ஏழு மாதம் யாரும் கூடவில்லை. மறுபடி சேர்ந்தபோது ஒரே ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டோம். ஒருவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால், முதலில் அவர் சொன்னதை நம் வாயால் சொல்ல வேண்டும், அவர் கேட்டுவிட்டு “ஆமாம், நான் சொன்னது இதுதான்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுப்பு. கேட்க லேசாக இருக்கிறது. செய்து பாருங்கள். பாதி நேரம் “இல்லை, நான் அதைச் சொல்லவில்லை” என்றுதான் வரும். மூன்றாவது முறை சரியாகச் சொல்லும்போது மறுக்க வந்த விஷயமே மாறிப்போயிருக்கும்.

இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் அருள்நந்தி சிவாசாரியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார். தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பின்னால்தான் வருகிறது, பிறர் கொள்கை முன்னால். அதிலும் உலகாயதன் (கண்ணால் காணும் உலகம் மட்டுமே உண்மை என்பவன்) மதம் என்று அவன் வாதத்தை முழுக்கச் சொல்லிவிட்டு அப்புறம்தான் மறுதலை, அதாவது மறுப்பு. பூர்வபட்சம் (எதிராளியின் கொள்கை) சொல்லாமல் சித்தாந்தம் (தன் முடிவு) பேசக் கூடாது என்பது பழைய ஒழுங்கு.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். 27ஆவது காதையில் வஞ்சி நகரத்தில் ஆண் துறவி வேடத்தில் போய்ச் சமயவாதிகளைக் கேட்கிறாள். அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை பத்துப் பேர். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, சாங்கியவாதி எல்லாரும் உண்டு. ஒவ்வொருவரிடமும் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள், அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறாள், நகர்கிறாள். கடைசியில்தான் இவை எவையும் நல்லவை அல்ல, ஆனாலும் நான் ‘மாறு உரைக்கின்றிலேன்’ என்கிறாள். எதிர்த்துப் பேச முடியாதவள் இல்லை அவள். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஒப்பாத பூதவாதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

அந்தக் கேள்விக்கு முன்னால் எத்தனை பேரைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறாள் என்று பாருங்கள்.

மிலிந்தன் கதையை ஏட்டுச்சுவடி ஐயா சொன்னார், அதிலேயே இன்னொரு இடம் உண்டு, ஐயா விட்டுவிட்டார். என்னோடு வாதம் செய்வீரா என்று மன்னன் அழைக்கிறான். பண்டிதர் பேசுவது போலப் பேசுவதானால் பேசுகிறேன், அரசர் பேசுவது போல என்றால் மாட்டேன் என்கிறார் நாகசேனர். பண்டிதர் பேச்சில் ஒருவர் முடிச்சுப் போடுவார், ஒருவர் அவிழ்ப்பார், தவறு காட்டப்படும், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அரசர் பேச்சில் மறுத்தவனுக்குத் தண்டனை. மன்னன் பண்டித வழிக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

நன்னூல் பாயிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, டீச்சருக்குப் பிடிக்கும். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மிச்சம் அரை, தான் பிறருக்குச் சொல்லும்போது வருகிறது. நாலு பேர் கூடி ஒரு பாட்டைப் பேசுகிற மொட்டைமாடியில் முக்கால் பங்கு இருக்கிறது.


மறுமொழி 5
எழுதியவர்: எதிர்க்கரை

வாசல்திண்ணை சொல்லும் வழக்கம் நல்லது, அதில் சண்டை இல்லை. ஆனால் பரபக்கத்தை அதற்கு முன்மாதிரியாகக் காட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன நீலகேசியும் அதே வகைதான்.

அந்த நூல்களில் எதிராளிக்கு வசனம் எழுதுகிறவர் யார்? ஜெயிக்கப் போகிறவர். நீலகேசியில் நாயகி நீலகேசி குண்டலகேசியை வெல்கிறாள், புத்தரின் சீடர் மொக்கலரை வெல்கிறாள், புத்தரையே நேரில் போய் வெல்கிறாள், பிறகு ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதம், பூதவாதம் என்று வரிசையாக எல்லாரும் தோற்கிறார்கள். ஒருவர்கூட “நீ சொன்னது நான் சொன்னது இல்லை” என்று இடைமறிக்க முடியாது. உங்கள் கூட்டத்தில் இருக்கிற அந்த “ஆமாம், இதுதான்” என்ற ஒப்புதல் அங்கே கிடையாது. அதுதான் முக்கியமான வேறுபாடு என்று நான் நினைக்கிறேன். குண்டலகேசியின் கதையிலேயே பாருங்கள். அவள் சமணத் துறவியாக இருந்தபோது ஊர் ஊராகப் போய் நாவல் கிளையை நட்டு வைத்து வாதுக்கு அழைக்கிறாள், புத்தரின் சீடர் சாரிபுத்தர் வந்து வெல்கிறார், அவள் பௌத்தத்தில் சேருகிறாள். தோற்றவர் மதம் மாற வேண்டும் என்ற பந்தயம் இருக்கிற இடத்தில் மனம் திறந்து யார் பேசுவார்?

எனக்குப் பிடித்த முன்மாதிரி வேறு. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டதும், அவர் அடுக்கிய அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் எதுவும் முதலியாருக்குப் பெரிதாகப் படாமல், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்தீர்களா என்று கேட்டதும் பலருக்குத் தெரிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். சைவச் சூழலில், மடத்தில் பாடம் கேட்டு வளர்ந்தவர், சிந்தாமணியில் தமக்குப் புரியாததைக் கேட்கக் கும்பகோணத்துச் சமணர் வீட்டுக்குப் போனார். அவர்களை மாற்றவும் இல்லை, தானும் மாறவில்லை. கேட்டார், அவர்கள் சொன்னார்கள், மறுபடி போனார். 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு வந்தது. அப்புறம் மணிமேகலைக்காக ரங்காசாரியாரிடம் உட்கார்ந்து பௌத்தம் கேட்டார், 1898-இல் அது வந்தது. அந்தப் பேச்சுகளில் பந்தயம் எதுவும் இல்லை, புரிய வேண்டும் என்ற தேவை மட்டும்தான் இருந்தது.


மறுமொழி 6
எழுதியவர்: வாசல்திண்ணை

எதிர்க்கரை சொன்னதை என் வாயால் சொல்லிப் பார்க்கிறேன், சரியா பாருங்கள்: எதிராளி உயிரோடு எதிரே உட்கார்ந்து “இல்லை” என்று சொல்ல முடிகிற இடத்தில் மட்டும்தான் அது உரையாடல், மற்றதெல்லாம் ஒருவரே இரண்டு குரலில் பேசுவது. சரிதானே?

சரி என்றால் நீலகேசி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒருவரே இரண்டு குரலில் பேசினாலும், மற்றக் குரலை நேர்மையாக எழுதினால் அது அவர் கையை மீறிவிடும். பரபக்கத்தில் உலகாயதன் பேசுகிற பாட்டுகளை எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது ஆறு பேரில் இரண்டு பேர் உலகாயதன் பக்கம் போய்விட்டார்கள், மறுதலையைப் படித்த பிறகும் திரும்பவில்லை.


மறுமொழி 7
எழுதியவர்: எதிர்க்கரை

சரிதான், நான் சொன்னது அதுவேதான். அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது, யோசிக்கிறேன்.


மறுமொழி 8
எழுதியவர்: மொட்டைமாடி

எல்லாருக்கும் நன்றி. நேற்று கூடினோம், நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா வந்தார். இரவுப்பணி சொன்னபடி முதலில் அவரிடம் கேட்டேன், ஏன் அக்கா இந்தப் பாட்டை எடுத்தீர்கள் என்று. அவர் சொன்னது நாங்கள் யாரும் எதிர்பார்க்காதது. அம்மா இறந்த அன்றைக்குத் தனக்கு அழுகையே வரவில்லையாம். 91 வயது, கல்யாணச் சாவு என்று ஊரே சொன்னது. பத்து நாள் கழித்துப் பரணில் ஒரு பழைய புகைப்படம் கிடைத்திருக்கிறது, அம்மாவுக்கு அதில் பத்தொன்பது இருபது வயது இருக்கும், இரட்டைச் சடை, யாரோ படம் எடுக்கிறார்கள் என்ற வெட்கம். “இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது, இவள் செத்து எழுபது வருஷம் ஆகிறது, இவளுக்கு யாரும் அழவில்லை” என்று தோன்றி அன்றைக்குத்தான் அழுதிருக்கிறார். அதற்கப்புறம் இந்தப் பாட்டு எங்கோ கண்ணில் பட்டிருக்கிறது.

லேத் தம்பி அவன் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அக்காவே கேட்டார். “நீ அன்றைக்குக் கேட்டாயே, அதை இப்போது சொல்லு” என்றார். அவன் சொன்னான். வாசல்திண்ணை வழக்கப்படி அக்கா அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்னார், இரண்டாவது தடவையில் “ஆமாம்கா, அதான்” என்றான். பிறகு நாகசேனர் தாயைப் பற்றிக் கேட்ட இடத்தை நான் வாசித்துக் காட்டினேன். கருவுக்கு ஒரு தாய், குழந்தைக்கு ஒரு தாய், வளர்ந்தவனுக்கு ஒரு தாயா என்ற இடம். அக்கா உடனே மறுத்தார். “எனக்கு அப்படித்தான் இருந்தது. என்னை அடித்து வளர்த்தவள் வேறு, எனக்குப் பிரசவம் பார்த்தவள் வேறு, கடைசியில் நான் குளிப்பாட்டிய அம்மா வேறு. ஆனால் மூன்று பேரும் என்னை ஒரே மாதிரிதான் கூப்பிட்டார்கள்.” தத்துவப் பெண் இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். மணிமேகலை பூதவாதியிடம் கேட்டதும் தாயைப் பற்றித்தான், இதை வாசித்ததும் அவள்தான் கவனித்தாள். அதை அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், 27ஆவது காதையில் அந்தக் கடைசிப் பகுதி மட்டும்.

கிழக்குத்தோப்பு ஐயாவுக்கு ஒரு செய்தி. நீங்கள் எழுதியதைத் தம்பியிடம் முன்பே காட்டியிருந்தேன். அவன் திருவெறும்பூரில் சொந்தக்காரர் வீட்டு மரத்திலிருந்து வெடிக்காத பாளை ஒன்று வெட்டிக்கொண்டு வந்தான். மாடியில் வைத்து, அரிவாள் நுனியால் நீளமாகக் கீறி விரித்தோம். நீங்கள் சொன்ன தந்த நிறம்தான், ஈரமாக, அரிசிமணி போல நெருக்கி நெருக்கி மொட்டு. அக்கா ஒரு கதிரைக் கையில் எடுத்துக்கொண்டு, “இதெல்லாம் மூடியிருக்கும்போதே உள்ளே இருந்திருக்கிறதே, அப்புறம் செத்தது எது?” என்றார். தம்பி, “நாம் இப்போது வெட்டியதில் செத்தது எது என்று முதலில் சொல்லுங்கள்” என்றான். அதிலிருந்து மறுபடி தொடங்கி ஒன்பது மணி வரை போனது. இன்னும் முடியவில்லை.